உப்புக்கு நேராக என் கையெழுத்து

மருந்தைக் கொடுத்த பிறகுதான் நோயாளியின் சார்ட்டில் கையெழுத்துப் போட வேண்டும். நர்சிங் படிப்பில் முதல் வாரமே சொல்லிக்கொடுப்பது இது. மூன்றாம் ஆண்டு மாணவியான நான், இதில் தப்புச் செய்த ஜூனியர்களைக் காய்ச்சி எடுத்திருக்கிறேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம்.

ஜவ்வாது மலையில் பத்து நாள் மருத்துவ முகாம். வருடா வருடம் எங்கள் கல்லூரியிலிருந்து ஒரு குழு போகும். மருந்துகளை டாக்டர்கள் பார்த்துக்கொள்வார்கள். வேன் எங்கள் பொறுப்பு. ஞாயிறு சாயங்காலத்துக்குள் முன்பணம் வராவிட்டால் வேனைக் கல்யாண வீட்டுக்குக் கொடுத்துவிடுவேன் என்று வேன்காரர் சொல்லிவிட்டார். நூற்றிருபது பொட்டலம் வெஜ் பலாவ் விற்றால் வேன் வரும். விற்காவிட்டால் முகாம் இல்லை.

முதலில் வைட்ஃபீல்டில் ஒரு அபார்ட்மெண்டில் கேட்டோம். லைசென்ஸ் இருக்கிறதா என்று கேட்டு வாசலோடு அனுப்பிவிட்டார்கள். என் வகுப்புத் தோழன் கிஷோர்தான் பொம்மசந்திராவில் ஃபாக்டரித் தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லைன் வீடுகளைச் சொன்னான்.

"ஞாயித்துக்கெழம லைன் வீட்ல யாருக்கு சமைக்கப் புடிக்கும்? வாரம் பூரா ஃபாக்டரில நின்னுட்டு வர்றாங்க. கண்டிப்பா வாங்குவாங்க."

ஞாயிறு காலை, சந்தாபுராவில் அவன் வீட்டு மொட்டை மாடியில் அடுப்பு மூட்டினோம். ஆறு பேர். நான் அதை ஒரு வார்டு மாதிரியே நடத்தினேன். தலைக்குத் தொப்பி, கைக்குக் கிளவுஸ், வாய்க்கு மாஸ்க். மாஸ்க்கை இறக்குகிறவர்கள் மாடியை விட்டு இறங்கலாம் என்றேன். சுவரில் ஒரு சார்ட் ஒட்டினேன்: பொருள், அளவு, நேரம், கையெழுத்து.

"பலாவுக்குக் கேஸ் ஷீட்டா?" என்று அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்த சிந்தியா சிரித்தாள். அவளை முறைத்தேன்.

உப்பை நிறுத்துக் கிண்ணத்தில் மூடி வைத்தேன். தண்ணீர் கொதித்ததும் போட்டுக்கொள்ளலாம், இப்போது கை சும்மாதானே இருக்கிறது என்று கையெழுத்தை மட்டும் முதலில் போட்டேன். உப்பு, ஒன்பது நாற்பது, தாரணி. அந்த நேரம் பார்த்து வேன்காரர் போன் செய்தார். சரியாகக் கேட்கவில்லை என்று கீழே இறங்கிப் போனேன். திரும்பி வருவதற்குள் சிந்தியா சார்ட்டைப் பார்த்து, எல்லாம் ஆயிற்று என்று அரிசியைக் கொட்டி அண்டாவை மூடியிருந்தாள். மாஸ்க் போட்ட ஆறு பேரில் ஒருவரும் வாயில் வைத்துப் பார்க்கவில்லை.

பன்னிரண்டரைக்கு, கல்லூரிப் பெயரும் ஜவ்வாது மலை முகாமுக்காக என்றும் எழுதிய அட்டையோடு லைன் வீடுகளின் நடுச்சந்தில் நின்றோம். கிஷோர் சொன்னது சரிதான். கால் மணி நேரத்தில் பாதிக்கு மேல் போய்விட்டது. இரண்டாவது வீட்டு எல்லம்மா, கார்மென்ட்ஸில் பேக்கிங் வேலை பார்ப்பவர், வாசற்படியிலேயே உட்கார்ந்து பொட்டலத்தைப் பிரித்தார். ஒரு வாய் சாப்பிட்டார். என்னைப் பார்த்தார்.

"பாப்பா, இதுல உப்பு போட்டீங்களா?"

"போட்டிருக்குக்கா. டைம் போட்டு எழுதியே வச்சிருக்கேன்," என்றேன் விறைப்பாக.

"எழுதுனது இருக்கட்டும். நீ ஒரு வாய் துன்னு பாரு."

மாஸ்க்கை இறக்கினேன். பட்டை, லவங்கம், புதினா எல்லாம் இருந்தன. உப்பு மட்டும் கிஷோர் வீட்டு மாடியில் மூடிய கிண்ணத்தில் இருந்தது. சிந்தியா என் பக்கம் திரும்பவே இல்லை. அவள் ஒரு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலாம் என்றிருந்தது.

"தப்பு என்னோடதுதான். உப்பு போட மறந்துட்டேன். வாங்குன எல்லாரும் பணத்தத் திருப்பி வாங்கிக்கங்க," என்று சந்து முழுக்கக் கேட்கும்படி சொன்னேன். வேன் போயிற்று, மலை போயிற்று என்று நினைத்துக்கொண்டேன்.

யாரும் பணம் கேட்டு வரவில்லை. எல்லம்மா உள்ளே போய் உப்பு டப்பாவை எடுத்துவந்து சந்தின் நடுவில் வைத்தார். எதிர் வீட்டிலிருந்து மாங்காய் ஊறுகாய் வந்தது. கடைசி வீட்டிலிருந்து ஒரு அண்ணன் வெங்காயத்தைத் தயிரில் போட்டுக் குண்டானோடு கொண்டுவந்தார். ஆளுக்கொரு சிட்டிகை உப்பு தூவிப் பிசைந்து, சந்திலேயே உட்கார்ந்து சாப்பிட்டார்கள். மீதிப் பொட்டலங்களும் தீர்ந்தன.

எல்லம்மா மட்டும் உப்பைத் தொடவில்லை.

"நீங்க போட்டுக்கலயாக்கா?"

"போன வருசம் எங்க ஊருக்கு உங்க காலேஜ் பொண்ணுங்க வந்தாங்க. ஜவ்வாது மலைக்கு. எங்கம்மாவுக்கு சும்மா சும்மா தல சுத்தும். வயசாயிடுச்சின்னு உட்டுட்டோம். உன்னாட்டம் ஒரு பொண்ணுதான் பிரஷர் பாத்து, பயந்துபோய் டாக்டர இட்டாந்துச்சு. கொஞ்ச நாள் தாண்டியிருந்தா ஆளே இருக்கமாட்டாங்கன்னாரு டாக்டரு. அன்னிலருந்து மாத்தர, உப்பில்லாத சோறு."

இன்னொரு வாய் எடுத்து மெதுவாக மென்றார்.

"எப்டிம்மா துன்றேன்னு போன்ல கேப்பேன். அதெல்லாம் பழகிடுச்சிடீன்னு சொல்லும். நான் ஒரு நாளும் துன்னு பாத்ததில்ல. இன்னிக்கு எங்கம்மா சோறு துன்றேன். நீங்க போங்க, பாப்பா. எங்க ஊருக்குப் போங்க."

அவர் பொட்டலத்தைக் கடைசிப் பருக்கை வரை சாப்பிட்டார். எனக்கு அழுகை வந்தது, மாஸ்க்கை ஏற்றிக்கொண்டேன். அந்தச் சந்துக்கு நான் இன்னும் நன்றி சொல்லி முடிக்கவில்லை.

மூன்றாவது வாரம் மலை ஏறினோம். நான்காம் நாள் வரிசையில் ஒரு வயதான அம்மா வந்து உட்கார்ந்தார். பெயர் வள்ளியம்மா. பொம்மசந்திராவில் மகள் எல்லம்மா இருப்பதாகச் சொன்னார். அவரை எனக்குத் தெரியும் என்றேன்.

"அவளப் பாத்தியாம்மா? நல்லா சாப்புடுதா?"

"சாப்புடுறாங்கம்மா. நான் செஞ்சதயே சாப்ட்டாங்க."

அதற்குள் அவருக்கான சார்ட்டை எடுத்திருந்தேன். பேனா கையில் இருந்தது. அதைக் கீழே வைத்தேன். டாக்டர் எழுதிய மாத்திரையை உள்ளங்கையில் வைத்துக் கொடுத்தேன். அவர் தண்ணீர் குடித்து, அண்ணாந்து விழுங்கி, வாயைத் திறந்து காட்டும் வரை பார்த்திருந்தேன்.

பிறகு கையெழுத்துப் போட்டேன்.