தாய்ச்சபையின் பிள்ளை

அந்த வருஷம் முதல் பனி விழுவதற்கு முன்பே, நாட்டை ஆண்ட கத்தோலிக்கப் பேராயரின் குதிரைவீரர்கள் சால்ஸாக் பள்ளத்தாக்குக்குள் வந்துவிட்டார்கள். யாரையும் அடிக்கவில்லை, எதையும் உடைக்கவில்லை. சத்திரத்தில் தங்கிக் குதிரைகளுக்குத் தீனி போட்டுக்கொண்டு, போகிறவர் வருகிறவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் பார்வைக்குப் பயந்தே உர்சுலா சத்திரத்துப் பக்கம் போவதை நிறுத்தினாள்.

அவள் புருஷன் காஸ்பர் ஆற்றங்கரை மரமறுக்கும் ஆலையைக் குத்தகைக்கு நடத்தியவன். பாப்பரசரை எதிர்த்துப் பிரிந்த லுத்தரின் ஜெர்மன் வேதாகமத்தைக் கதவைச் சாத்திக்கொண்டு வாசிக்கிறவர்களில் ஒருவன். உர்சுலாவோ பூசை தவறாத கத்தோலிக்கப் பெண். எழுத்து தெரியாது. அவளுடைய அண்ணன் லீன்ஹார்ட்தான் ஊரின் பங்குச் சாமியார். இத்தனை காலமும் இந்த மூவரும் ஒரே மேஜையில் சண்டை போட்டுக்கொண்டே சாப்பிட்டிருக்கிறார்கள்.

அன்று மத்தியானமும் லீன்ஹார்ட் வந்தார். கறுப்பு ரொட்டியைப் பிட்டுச் சூப்பில் நனைத்தபடி ஆரம்பித்தார்.

"ஏன் காஸ்பர், அந்தப் புஸ்தகம் வானத்துலேருந்து தொப்புனு விழுந்துச்சா? எது வேதம், எது இல்லைனு கூடி உக்காந்து சொன்னது யாரு? சபைதானே? ஆத்தாவைத் தள்ளி வச்சுட்டு அவ ஆக்கின சோறு மட்டும் வேணுமாக்கும்."

"தட்டான் உரசிப் பாத்துத் தங்கம்னு சொல்றான் மச்சான். அதுக்காக அவன் தங்கத்துக்கு எசமான் ஆயிடுவானா?"

"சரி, ஆளுக்கொரு கல்லைத் தூக்கிக்கிட்டு உரசக் கிளம்பினா? மேட்டுப் பண்ணையில ஒருத்தன், உலகம் அறுவடைக்கு முன்னாடியே முடிஞ்சுடும்னு வசனம் சொல்லி மாட்டை எல்லாம் வித்துட்டான். அதுவும் வேதம் வாசிச்சுத்தான்."

காஸ்பர் சிரித்துவிட்டான். "அவன் கிறுக்கன். சரி, பாப்பரசர் தப்புப் பண்ணினா யாரு கேக்குறது?"

"ஆயர்கள் சங்கம் கூடும்."

"சங்கமும் தப்புப் பண்ணினா?"

"தூய ஆவி விடமாட்டார்."

"அது எங்க எழுதியிருக்கு?"

"யோவான் பதினாறு. ராத்திரி பகலா வாசிக்கிறியே, அதைப் பாக்கலியா?"

"பாத்தீங்களா! கடைசியில நீங்களும் புஸ்தகத்துக்கிட்டதான் வந்து நிக்கிறீங்க."

உர்சுலாவுக்கு இந்த 'எங்க எழுதியிருக்கு' என்ற கேள்வியே பிடிக்காது. பெற்ற தாய் தாய்தான் என்று எங்கே எழுதி வைத்திருக்கிறது? ஆனால் அன்றைக்கு அண்ணன் சிரிக்கவில்லை. எழுந்து ஜன்னலைச் சாத்திவிட்டு வந்தார்.

"நாளைக்கு விசாரணை. சத்திரத்து மாடியில. வீடுவீடாக் கூப்பிட்டு, எந்த மதம்னு ஒரே கேள்விதான் கேப்பாங்க. காஸ்பர், 'சபை நம்புறதை நானும் நம்புறேன்'னு ஒரு வார்த்தை சொல்லு. அது போதும். உள்ளுக்குள்ள என்ன நினைச்சாலும் ஆண்டவர் பாத்துக்கட்டும்."

"அவர் பாத்துக்கிட்டுத்தான் மச்சான் இருக்கார். அதான் முடியல."

லீன்ஹார்ட் தங்கையைப் பார்த்தார். அவள் மடியில் உட்கார்ந்து மகள் லோனி, ஆறு வயசுக்காரி, ரொட்டித் துண்டுகளை உருட்டிக்கொண்டிருந்தாள்.

"நீயாவது உள்ளதைச் சொல்லு. நீ கத்தோலிக்கம்னா உன்னையும் பிள்ளையையும் எவனும் தொடமாட்டான். நான் பொறுப்பு."

மறுநாள் சத்திரத்து மாடியில் மேஜைக்குப் பின்னால் விசாரணை அதிகாரி இருந்தார். மிகவும் மரியாதையான மனிதர். ஓரத்தில் சாட்சியாக லீன்ஹார்ட் உட்கார்ந்திருந்தார். காஸ்பர் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு, தான் லுத்தரன் என்று தெளிவாகச் சொன்னான். சொந்த நிலம் இல்லாதவன் ஒரு வாரத்துக்குள் நாட்டை விட்டுப் போக வேண்டும் என்று பதில் வந்தது. தான் கத்தோலிக்கம் என்று உர்சுலா சொன்னாள்.

"சந்தோஷம்மா. பிள்ளைக்கு யார் ஞானஸ்நானம் குடுத்தது?"

"நான்தான்" என்றார் லீன்ஹார்ட் முந்திக்கொண்டு.

"அப்படின்னா அவ தாய்ச்சபையோட பிள்ளை. லுத்தரன் புஸ்தகம் வாசிச்ச வீட்டுல அவளை விட்டுவைக்க முடியாது. கீழே நகரத்துல கன்னியர் மடம் இருக்கு. அங்க நல்லா வளருவா."

உர்சுலா அண்ணனைத் திரும்பிப் பார்த்தாள். லீன்ஹார்ட் பாதி எழுந்து, மறுபடி உட்கார்ந்தார். அதிகாரி அடுத்த வீட்டைக் கூப்பிடச் சொன்னார்.

பிள்ளையை அழைத்துப் போக லீன்ஹார்டையே அனுப்பினார்கள். வாசலுக்கு வெளியே இரண்டு வீரர்கள் குதிரைமேல் காத்திருந்தார்கள். குதிரைகளின் மூச்சு பனியில் புகையாக எழுந்தது.

"அண்ணே," என்றாள் உர்சுலா. "இது எங்க எழுதியிருக்கு?"

காஸ்பரின் வார்த்தை தன் வாயில் வந்ததை அவளே அப்போதுதான் கேட்டாள்.

"எழுதல. பேராயர் உத்தரவு. கீழ்ப்படியறேன்னு பட்டம் வாங்குறப்ப அவர் கைக்குள்ள கை வச்சுச் சத்தியம் பண்ணிருக்கேன். அதை உடைச்சா எனக்கு மிச்சம் ஒண்ணுமில்ல, உர்சுலா."

லோனி அழவில்லை. மாமாவோடு பயணம் போகிற குஷியில் அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். காஸ்பர் முன்னால் பாய்ந்தான். ஒரு வீரன் குதிரையை மெல்லக் குறுக்கே திருப்பி நிறுத்தினான். அவ்வளவுதான்.

நாடு கடத்தப்பட்டவர்களோடு காஸ்பர் பனியில் வடக்கே நடந்தான். உர்சுலா கூடப் போகவில்லை. மடத்துக்குத் துணி துவைக்கும் வேலைக்குப் போய்ச் சேர்ந்தாள். ஞாயிற்றுக்கிழமை கம்பிக்கதவு வழியாக மகளைப் பார்க்க விட்டார்கள். முதலில் லோனி வீட்டுக்குப் போகலாம் என்று அழுதாள். பிறகு அழுகை நின்றது. அது உர்சுலாவை இன்னும் பயமுறுத்தியது. பனி உருகுகிற சமயத்தில் ஒருநாள் மகள் கம்பியில் முகத்தை வைத்துக்கொண்டு, வானிலை சொல்வதுபோலச் சொன்னாள்:

"அம்மா, அப்பா நரகத்துக்குத்தான் போவாராம். நான் அவரை நினைக்கக் கூடாதாம்."

அதன்பின் உர்சுலா எதையும் யாரிடமும் கேட்கவில்லை.

ஜூன் மாதம் நற்கருணைப் பவனி வந்தது. மடத்துப் பிள்ளைகள் வெள்ளை உடுப்பில் பூ தூவிக்கொண்டு நடந்தார்கள். பக்கத்து ஊர்ச் சாமியார்கள் பின்னால் பாடிக்கொண்டு வந்தார்கள். ஆற்றுத் தெரு திரும்புகிற இடத்தில் கூட்டம் நெருக்கியது. உர்சுலா கூட்டத்துக்குள் நுழைந்து, பிள்ளை மேல் தன் சால்வையைப் போர்த்திக் கையைப் பிடித்தாள். நிமிர்ந்தபோது எதிரே லீன்ஹார்ட். ஆள் பாதியாக இளைத்திருந்தார். அவளைப் பார்த்தார், சால்வைக்குக் கீழே தெரிந்த வெள்ளை உடுப்பையும் பார்த்தார். அவருக்குப் பக்கத்திலேயே ஒரு காவலன் நடந்து வந்தான்.

அவர் ஒரு சத்தம் போட்டால் போதும், பிடித்துவிடுவார்கள். லீன்ஹார்ட் பாட்டை ஓர் அடி தவறவிட்டார். பிறகு குரலை உயர்த்தி, நெஞ்சு வெடிப்பதுபோலப் பாடிக்கொண்டு, அவளுக்கும் காவலனுக்கும் இடையே புகுந்து கடந்து போனார்.

உர்சுலா பிள்ளையோடு மலைப்பாதைகளில் ஒளிந்து ஒளிந்து, நாடு கடத்தப்பட்டவர்கள் ஒதுங்கியிருந்த லுத்தரன் நகரமான மெம்மிங்கனைச் சேர்ந்து, அங்கே தச்சுவேலை செய்துகொண்டிருந்த காஸ்பரைக் கண்டுபிடித்தாள். லோனி அவனிடம் போக மாட்டேன் என்று தாயின் பாவாடைக்குள் ஒளிந்துகொண்டாள். அறுப்புக் காலத்தில் வந்த ஒரு வண்டிக்காரன், உங்கள் ஊர்ச் சாமியாரைப் பேராயர் அரண்மனைக்குக் கூப்பிட்டுக் கேள்வி கேட்டார்களாம், போனவர் திரும்பவில்லை என்றான். அதற்கு மேல் அவனுக்கும் தெரியவில்லை.

அந்த நகரத்து லுத்தரன் போதகர் வீட்டுக்கு வந்தார். கனிவான ஆள். கையில் வேதாகமம்.

"இங்க யாரும் உங்களைக் கட்டாயப்படுத்த மாட்டோம்மா. ஆனா அகதிங்களுக்கு வீடு ஒதுக்குறப்ப, குடும்பம் முழுசும் நம்ம சபையில இருந்தா எங்களுக்குச் சௌகரியம். என்ன சொல்றீங்க?"

காஸ்பர் தலையைக் குனிந்துகொண்டான். உர்சுலா போதகருக்கு நாற்காலியைத் துடைத்துப் போட்டாள்.

"உக்காருங்க ஐயா. எங்கண்ணன் இருக்காரா இல்லையான்னு இன்னும் சேதி வரல. அது வர்ற வரைக்கும் நான் அவர் சபைதான்."

போதகர் வேதாகமத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கிளம்பினார். அந்தக் குளிர்காலத்துக்கு அவர்களுக்கு வீடு கிடைக்கவில்லை. சேதியும் வரவில்லை.