ஊர்வலம் நின்ற இடம்

ஓடெல் கெய்ன்ஸ் குத்துச்சண்டையில் உலகப் பட்டம் வென்று சொந்த ஊரான மேக்கனுக்குத் திரும்பிய சனிக்கிழமை, ஊரே அவனைப் பார்க்கத் தெருவுக்கு வந்துவிட்டது. அவன் அக்கா ஆர்லீதா மட்டும் சலவை ஆலை வாசலில் கோரிக்கை அட்டை பிடித்து நின்றிருந்தாள். ஆலையின் கறுப்பினப் பெண்கள் வேலைநிறுத்தம் தொடங்கி மூன்றாவது வாரம். இதைப் பற்றித் தம்பியிடம் அவள் மூச்சுவிடவில்லை. சண்டைக்குத் தயாராகிறவன் மனதை ஏன் கலைக்க வேண்டும்?

அவர்கள் கேட்டது நீராவி அறைக்கு மின்விசிறி. அதோடு கொஞ்சம் மரியாதை. வெள்ளைக்காரப் பெண்களை 'மிசஸ்' போட்டு அழைக்கும் மேலாளர் ஹாலோவே, பேரன் எடுத்த பியூலாவைக்கூட "ஏ பொண்ணு" என்றுதான் கூப்பிடுவார்.

வாத்தியச் சத்தம் நெருங்கியது. "உன் தம்பி வர்றாண்டி, மூஞ்சியைக் காட்டு" என்றாள் பியூலா.

"சும்மா இருங்கக்கா. மேயர் பக்கத்துல உக்காந்து வர்றான். நம்மால அவனுக்கு எதுக்குச் சங்கடம்?"

ஆர்லீதா அட்டையால் முகத்தை மறைத்துக்கொண்டாள். ஆனால் தலையில் இருந்த மஞ்சள் தொப்பி அவன் வாங்கிக் கொடுத்தது. ஊர்வலக் கார் சற்றுத் தள்ளிப் போய் நின்றது. ஓடெல் குதித்து இறங்கி வந்தான்.

"அக்கா, இங்க என்ன பண்றே?"

"வேலைநிறுத்தம். போய் வண்டியில ஏறு, எல்லாரும் பாக்குறாங்க."

"பாக்கட்டும். நேத்து போன்ல கோழி வறுத்து வைக்கிறேன்னு மட்டும்தானே சொன்னே?"

"அதையும்தான் வறுத்து வச்சிருக்கேன்."

பெண்கள் சிரித்துவிட்டார்கள். ஓடெல் அட்டையில் எழுதியிருந்ததை நிதானமாகப் படித்தான். பிறகு சுவரில் சாய்ந்திருந்த இன்னொன்றை எடுத்துக்கொண்டு வரிசையில் நின்றான்.

"ஓடெல், பின்னால வண்டியில உனக்கு விளம்பரம் தர்ற சவரக்கத்திக் கம்பெனிக்காரங்க இருக்காங்கப்பா!" அவனுடைய ஏஜெண்ட் பதறினார்.

"அவங்களையும் இறங்கி வரச் சொல்லு. இங்க இடம் இருக்கு."

பின்னால் வந்த பள்ளிக்கூட வாத்தியக் குழு எங்கே போவதென்று தெரியாமல் விழித்து, கடைசியில் சாம்பியன் நின்ற பக்கமே ஒதுங்கியது. மேயர் மட்டும் காரில் தனியாகக் கையசைத்தபடி தெருமுனையில் திரும்பினார்.

சத்தம் கேட்டு ஹாலோவே சிரித்த முகத்தோடு வெளியே வந்து கையை நீட்டினார். "சாம்பியன்! ஊருக்கே பெருமை. என் பையனுக்கு ஒரு கையெழுத்து..."

ஓடெல் கையைக் கொடுக்கவில்லை. "முதல்ல எங்க அக்காவுக்குக் காலை வணக்கம் சொல்லுங்க சார்."

"வணக்கம், ஆர்லீதா."

"அவங்களுக்குக் கல்யாணமாயிடுச்சு சார்."

ஹாலோவேயின் காது சிவந்தது. "வணக்கம்... மிசஸ்..." அதற்குமேல் அவள் கணவன் வீட்டுப் பெயர் அவருக்குத் தெரியவில்லை. ஆர்லீதா ஆலைக்கு வந்து பதினோரு வருஷம் ஆகிறது.

"டாக்கின்ஸ்" என்றாள் அவள்.

"வணக்கம், மிசஸ் டாக்கின்ஸ்."

"வணக்கம், மிஸ்டர் ஹாலோவே." அவர் கண்ணைப் பார்த்தே சொன்னாள். அதுதான் அவளுக்கே ஆச்சரியம்.

பியூலா முன்னால் வந்தாள். "நானும் கல்யாணமானவதான் சார்!" அவளுக்குப் பின்னால் வரிசையே நகர்ந்து வந்தது. மனிதர் ஒவ்வொருத்தியிடமும் பெயர் கேட்டு, வியர்க்க வியர்க்க வணக்கம் சொல்லி முடித்தார். அதன் பிறகுதான் ஓடெல் கைகுலுக்கிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தான்.

வேலைநிறுத்தம் அன்றோடு முடிந்துவிடவில்லை. ஓடெல் அட்டையோடு நின்ற படம் செய்தித்தாளில் வந்த பிறகு ஹோட்டல்காரர்கள் தங்கள் துணிகளை வேறு ஆலைக்கு அனுப்பத் தொடங்கினார்கள்; இலையுதிர் காலத்தில் முதலாளி இறங்கிவந்தார். சவரக்கத்திக் கம்பெனி ஓடெலின் விளம்பரத்தை நிறுத்தியது.

"வருத்தமாடா?" என்று கேட்டாள் ஆர்லீதா.

"சண்டை மேடையில ஏறும்போதெல்லாம் எனக்குப் பயமா இருக்கும்க்கா. அன்னைக்கு உன் பக்கத்துல நின்னப்போ அது இல்ல."

குளிர்காலத்தில் சவானா நகரத்து மீன் ஆலைப் பெண்கள் தங்கள் வேலைநிறுத்தக் கூட்டத்துக்கு அவனைக் கூப்பிட்டார்கள். அவன் அக்காவையும் அழைத்துப் போனான். கூட்டம் அவனைப் பார்க்கத்தான் வந்திருந்தது. அவன் மைக்கை அக்காவிடம் கொடுத்துவிட்டு, மேடை ஓரத்தில் உட்கார்ந்து, அவள் பேசி முடிக்கும்வரை எல்லோரையும்போலக் கைதட்டிக்கொண்டிருந்தான்.