பல்லியின் வலப்பக்கச் சாய்வு

மஞ்சள் வண்ணம் பூசிய அந்த இயந்திரம் கப்பலின் வயிற்றில் ஒட்டிக்கொண்டு ஓர் ஆள் உயரம் ஏறியதும் மெல்ல வலப்பக்கம் சாய்ந்தது. வேடிக்கை பார்த்தவர்களில் பாதிப் பேர் அதைக் கவனிக்கவே இல்லை. அவள் மட்டும் இரண்டடி முன்னால் போய் நின்று பார்த்தாள்.

கடல் கடந்து, கூட ஒரு ஆள் இல்லாமல் வந்திருக்கிறாள். தண்ணீரை வடித்துவிட்ட பெரிய தொட்டிக்குள் கப்பல் முட்டுக்கட்டைகளின் மேல் நின்றது. கப்பல் கட்டும் தளத்தின் தலைமைப் பொறியாளர் இரண்டு கம்பெனிகளை அழைத்திருந்தார். காலையில் மஞ்சள் கம்பெனி, மத்தியானம் இவள். இயந்திரம் தானாகச் சுவரில் ஏறி, இரும்புத் தகடு எங்கெங்கே அரித்து மெலிந்திருக்கிறது என்று அளந்து சொல்ல வேண்டும். தேறியவருக்கு இந்தத் தளத்தின் வேலை. அதன் பின்னாலேயே நடுக்கடலில் நிற்கும் எண்ணெய் மேடைகளின் வேலையும் வரும். தேறாவிட்டால் அவள் ஊருக்குப் போய்ப் பட்டறையை இழுத்து மூட வேண்டியதுதான். வேறு கதி இல்லை.

பட்டறை என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். மழை பெய்தால் உள்ளேயும் குடை பிடிக்க வேண்டிய பழைய கிடங்கு அது. அவளும் தம்பியும் சேர்ந்து ஆரம்பித்தது. அக்கா செய்வாள், தம்பி விற்பான் என்பது ஏற்பாடு. நாலு பேர் முன்னால் பேசச் சொன்னால் அவளுக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். அவனோ கல்லைக்கூடத் தலையாட்ட வைத்துவிடுவான். சுவரில் ஏறுவதால் இயந்திரத்துக்குப் பல்லி என்று பெயர் வைத்தவனும் அவன்தான்.

பல்லியைச் சோதித்துப் பார்ப்பதற்காக, உடைத்த கப்பலின் தகடுகளை வாங்கி ஒரு தொட்டி கட்டினார்கள். கட்டி முடித்த பிறகு ஒரு மூலையில் தரை இறங்கித் தொட்டியே கோணிக்கொண்டது. ஏறும்போதெல்லாம் பல்லி இடப்பக்கம் வழுக்கியது. இடித்துக் கட்டக் கையில் காசில்லை. அதனால் பல்லியின் மூளைக்குள்ளேயே அவள் ஒரு திருத்தம் போட்டுவைத்தாள்: ஏற ஏறக் கொஞ்சம் வலப்பக்கம் சாய வேண்டும். வெளியே வேலைக்குக் கிளம்பும்போது அதைக் கழற்றுவாள், திரும்பி வந்ததும் மாட்டுவாள். அது ஓரிடத்தில் இல்லை, அங்கங்கே ஒளிந்து கிடக்கும். எங்கெங்கே என்பது அவளுக்குத்தான் தெரியும். "கோணலைக் கழட்டிட்டியாக்கா?" என்று கிளம்புமுன் தம்பி மறக்காமல் கேட்பான், கேஸை மூடினாயா என்று கேட்பதைப் போல.

உலகத்தில் வேறெந்தத் தொட்டியும் அப்படிக் கோணியிருக்காது. செங்குத்தாக நிமிர்ந்து நிற்கும் இந்தக் கப்பலில் மஞ்சள் இயந்திரம் எதற்குச் சாய வேண்டும்? சக்கரம் ஏதாவது தளர்ந்திருக்கும் என்று மனசு சமாதானம் சொல்லிப் பார்த்தது. மறுபடி ஏற்றினார்கள். மறுபடியும் அதே சாய்வு, அதே இடத்தில். அவள் பிள்ளை வேறு வீட்டுச் சட்டையைப் போட்டுக்கொண்டு நடப்பது போல இருந்தது.

வெளிநாட்டுக் கப்பல் தளங்களைப் பார்த்து வருகிறேன் என்று தம்பி ஒரு சுற்றுப் போய்விட்டுத் தொங்கிய முகத்தோடுதான் திரும்பினான். "வேலைக்கு ஆகாதுக்கா. வாசல்லயே நிக்க வச்சுப் பேசி அனுப்பிட்டாங்க" என்றான். பாவம், அலைந்து கறுத்துப் போயிருந்தான். அவள்தான் மனசு கேட்காமல் இந்தத் தளத்துக்குத் தானே எழுதிப் போட்டாள். வாங்க என்று பதில் வந்தபோது அவன் சந்தோஷப்படவில்லை. கிளம்பும் நேரத்தில் காய்ச்சல் என்று படுத்துக்கொண்டான். "அவன் இப்படிக் கெடக்கறப்ப நீ போகலைன்னா என்ன குடி முழுகிடும்?" என்று அம்மா ஒரு பாட்டம் புலம்பினாள். இன்று காலையிலும் போனில், "இப்பத்தான் மாத்திரை போட்டுட்டுத் தூங்குறான், எழுப்பாத" என்றாள்.

மஞ்சள் சட்டைக்காரர்கள் கொஞ்சம் அவகாசம் கேட்டுக்கொண்டு இயந்திரத்தைக் கீழே இறக்கினார்கள். அந்த நேரத்தில் அவள் போன் அடித்தது. தம்பி.

"அக்கா, எப்படிப் போகுது?" என்று கேட்டுவிட்டு இருமினான்.

"என் முறை இன்னும் வரலடா. உடம்பு எப்படி இருக்கு?"

"படுத்தேதான் கெடக்கேன். பொழுது போகலன்னு பழைய பல்லிய நோண்டிக்கிட்டு இருக்கேன். அந்தக் கோணலைக் கழட்டறது எங்கெல்லாம்க்கா? ஒரு இடத்துல எடுத்துட்டேன். இருந்தும் சாயுது."

சாப்பாட்டுச் சங்கு ஊதியது. தளமே அதிரும்படி ஊதும் சங்கு அது. அவளுடைய வலது காதில் ஊதியது. இடது காதில், போனுக்குள்ளிருந்தும் ஊதியது.

"எங்கடா இருக்க?" என்றாள்.

"வீட்லதான்க்கா. வேற எங்க?"

நாக்கூசாமல் சொன்னான். அவள் போனை அணைத்துவிட்டுக் கப்பலைச் சுற்றி நடந்தாள்.

மறுபக்கம் இரும்புக் கொட்டகை ஒன்றின் நிழலில் நின்றுகொண்டிருந்தான். மஞ்சள் சட்டை. தோளில் சுருக்கமில்லாமல், அளவெடுத்துத் தைத்தது. நெஞ்சில் அவன் பேரே பின்னியிருந்தது. நேற்று வந்து சேர்ந்தவனுக்கு இப்படித் தைத்துக் கொடுக்கமாட்டார்கள். அவளுக்கு முதலில் வந்தது கோபமில்லை, வெட்கம். இத்தனை நாள் இவன் காதில் பூச்சுற்ற, தலையைக் குனிந்து காட்டிக்கொண்டு இருந்திருக்கிறோமே என்ற வெட்கம்.

"காய்ச்சல் விட்டுருச்சா?"

அவன் திருதிருவென்று முழித்தான். "கத்தாதக்கா. எல்லாரும் பாக்குறாங்க."

"நான் கத்தவே இல்லையேடா."

"கேட்டா நீ ஒத்துக்க மாட்ட. நம்ம பல்லி, நம்ம பட்டறைன்னு கட்டிப்பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருப்ப. இவங்க பெரிய இடம். உனக்கும் ஒரு வேலைக்குச் சொல்லி வச்சிருக்கேன்."

"நான் செஞ்ச பல்லிக்கு என்னையே வேலைக்கு வைப்பாங்களா?"

"சண்டையை ஊர்ல போய்ப் போட்டுக்கலாம். இப்ப அந்தக் கோணலை மட்டும் எடுத்துக் குடுத்துடு. என் மானம் போயிரும்க்கா."

அவன் கம்ப்யூட்டரை நீட்டினான். அவள் கை தானாக நீண்டது. சின்ன வயசிலிருந்து அவன் உடைத்துக்கொண்டு வருவதையெல்லாம் ஒட்டிக் கொடுத்துப் பழகிய கை. அதை இழுத்துப் பையில் விட்டுக்கொண்டாள். அவன் செய்ததைவிடத் தன் கை நீண்டதுதான் அவளுக்கு அதிகம் வலித்தது.

மத்தியானம் அவள் முறை. ஊரில் கிளம்பும்போது கழற்றிய கோணலை வேண்டுமென்றே மறுபடி மாட்டிப் பல்லியை ஏற்றினாள். ஓர் ஆள் உயரம் போனதும் அது வலப்பக்கம் சாய்ந்தது. கூட்டம் முணுமுணுத்தது. தலைமைப் பொறியாளர் முகம் சுருங்கியது. அவர் தம் மொழியில் கேட்டதை நம் பேச்சில் சொன்னால், "காலைல பார்த்த அதே சாய்வு. யாரு யார்கிட்ட இருந்து எடுத்தீங்க?" என்பதுதான். பிறகு மஞ்சள் சட்டைகளோடு நின்ற தம்பியின் பக்கம் திரும்பி, அவளைக் கை காட்டிக் கேட்டார். "உங்களுக்கு இவங்களைத் தெரியுமா?"

அவள் தம்பியைப் பார்த்தாள். ஆமாம், என் அக்கா என்று ஒரு வார்த்தை வந்தால் போதும், நடந்ததைப் பற்றிச் சாகும்வரை வாய் திறக்கமாட்டேன் என்று மனசுக்குள் மன்றாடினாள்.

"தெரியாது சார். இன்னிக்குத்தான் பாக்குறேன்."

அவ்வளவுதான். அவள் பல்லியை இறக்கி, எல்லாரும் பார்க்கத் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். ஒளித்து வைத்த இடங்களையெல்லாம் ஒவ்வொன்றாகத் திறந்து கோணலை எடுத்தாள். நாக்கு ஒட்டிக்கொள்ளவில்லை. "இது என் பட்டறைத் தொட்டியோட கோணல் சார். அதுக்காக நான் போட்ட திருத்தம். எனக்குத்தான் எடுக்கத் தெரியும்" என்று பொறியாளரைப் பார்த்துச் சொன்னாள். மறுபடி ஏற்றினாள். பல்லி நூல் பிடித்தாற்போல் மேல்தளம் வரை ஏறிற்று.

"உங்களதையும் இதே மாதிரி இப்ப எடுத்துக் காட்டுங்க" என்றார் பொறியாளர். மஞ்சள் சட்டைகள் எல்லாம் தம்பியைப் பார்த்தன. தம்பி தன் செருப்பைப் பார்த்தான். பொறியாளர் அவள் கையைப் பிடித்துக் குலுக்கி, மறுநாள் காலையில் ஒப்பந்தம் பேச வரச் சொல்லிவிட்டுப் போனார்.

துள்ளிக் குதித்திருக்க வேண்டும். ஆனால் யாரிடம் சொல்லிக் குதிப்பது? அம்மாவிடமாவது சொல்லலாம் என்று போனை எடுத்தாள். அதற்குள் அம்மாவே கூப்பிட்டாள்.

"என்னடி, முடிஞ்சுதா?"

"முடிஞ்சுதும்மா. நமக்குத்தான் வேலை."

அம்மா கேட்டாள், "அப்ப தம்பிக்கு?"

அவள் திரும்பித் தம்பி எங்கே என்று தேடினாள்.

"ரொம்ப நம்பிக்கிட்டுப் போனான்டி அங்க. நீ போகாம இருந்திருந்தா எல்லாம் நல்லபடியா முடிஞ்சிருக்கும். நாலு பேர் முன்னாடி அவனை ஒண்ணும் சொல்லிடலியே? சாப்பிட்டானா பாரு."

தூரத்தில் முட்டுக்கட்டை ஒன்றின் மேல் தம்பி தனியாக உட்கார்ந்திருந்தான். மஞ்சள் சட்டையைக் கழற்றி மடியில் வைத்திருந்தான்.

"அவனுக்குக் காய்ச்சல் விட்டுருச்சும்மா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனை வைத்தாள். பல்லியைத் துணியால் துடைத்துப் பெட்டிக்குள் வைக்கும்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது.