படகில் சொன்னது

தண்டனை அறிவிப்பு பதினொரு மணிக்கு. தையல்காரர் ஒன்பதுக்கே நீதிமன்றத்துக்கு வந்துவிட்டார். பெஞ்சில் உட்கார்ந்தார், எழுந்தார், தண்ணீர்க் குழாய் வரை போனார், குடிக்காமலே திரும்பினார்.

ஏழு மாதத்துக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஏரியில் அவர் மனைவி மூழ்கிப் போனாள். படகை ஓட்டியவன் அவளுடைய கூடப்பிறந்த தம்பி. நாலு பேர் ஏற வேண்டிய விசைப்படகில் ஆறு பேர். லைஃப் ஜாக்கெட்டெல்லாம் இருக்கைக்கு அடியில் கிடந்தன. வளைவில் வேகம் அடங்காமல் படகு பாறையில் மோதிக் கவிழ்ந்தது. மற்றவர்கள் பிழைத்துக்கொண்டார்கள். மைத்துனன் குற்றத்தை ஒப்புக்கொண்டுவிட்டான். எவ்வளவு காலம் உள்ளே என்பதுதான் பாக்கி. அதற்கு முன் இறந்தவளின் கணவர் ஏதாவது சொல்லலாம் என்று கூப்பிட்டிருந்தார்கள்.

மாமியார் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"மாப்பிள்ளை, ஒண்ணு தண்ணியில போச்சு. இன்னொண்ணையும் உள்ள போட்டுட்டா நான் யார் முகத்தைப் பார்ப்பேன்? நீங்க ஒரு வார்த்தை நல்லதா சொன்னா போதும்."

"பார்க்கலாம் அத்தை."

காலையில் போனில் அவருடைய அண்ணன் கத்தியது இன்னும் காதில் இரைந்தது: "அந்தப் பயலுக்கு இரக்கம் காட்டினே, அப்புறம் என் மூஞ்சியில முழிக்காதே!"

இரண்டு பேருக்கும் விஷயம் தெரியாது. "வேகமா போகச் சொல்லி யாராவது சொன்னாங்களா?" என்று போலீஸ் கேட்டபோது, "நான் கவனிக்கலைங்க" என்று சொல்லியிருந்தார். மைத்துனனோ, யாரும் சொல்லவில்லை என்று எழுதிக் கையெழுத்தே போட்டிருந்தான்.

சொன்னது அவர்தான், எஞ்சின் இரைச்சலில் பின்னால் இருந்த மூவருக்கும் அது கேட்கவில்லை. "என்ன மச்சான், மாட்டு வண்டியா ஓட்டுற? கொஞ்சம் முறுக்கு!"

போலீஸ்காரரோடு மைத்துனன் வந்தான். கன்னம் ஒட்டிப் போயிருந்தது. வாசலில் அவர் மறித்துக் கேட்டார்.

"ஏண்டா சொல்லலை?"

அவன் தரையைப் பார்த்தான். "கை என்னோடது மாமா. உங்க பாப்பாவுக்கு அம்மா போயாச்சு. அப்பாவையும் எதுக்கு இழுக்கணும்?"

உள்ளே கூப்பிட்டதும் சாட்சிக் கூண்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். வீட்டில் எழுதி வைத்திருந்த தாளைப் பிரிக்கவில்லை.

"ஐயா, வேகமா போகச் சொன்னது நான்தான். அவன் மொதல்ல மெதுவாத்தான் போனான்."

பின்னால் மாமியார் "ஐயோ" என்றது கேட்டது. நீதிபதி கண்ணாடியைக் கழற்றினார்.

"இத்தனை நாளா ஏன் சொல்லலை?"

"பயமா இருந்துச்சுங்க."

அரசு வக்கீல் எழுந்தார். "யார் என்ன சொன்னாலும் முடிவு ஓட்டுறவர் கையில. ஜாக்கெட் போட வைக்கிறதும் அவர் வேலைதான்."

நீதிபதி அதை ஏற்றுக்கொண்டார். ஆனால் குற்றத்தை ஒப்புக்கொண்டதையும், சொந்த அக்காவையே பறிகொடுத்ததையும் கணக்கில் எடுத்துக்கொண்டதாகச் சொன்னார். வக்கீல் நாலு வருடம் கேட்டிருந்தார், நீதிபதி இரண்டு கொடுத்தார். படகு ஓட்டும் உரிமம் ஆயுளுக்கும் ரத்து. தையல்காரரின் வார்த்தைக்காக ஒரு நாள்கூடக் கூடவுமில்லை, குறையவுமில்லை. அவருக்கு அதுதான் தாங்கவில்லை.

மைத்துனனைக் கூட்டிக்கொண்டு போனார்கள். திரும்பிப் பார்த்து, போய் வருகிறேன் என்பதுபோல் தலையை ஆட்டினான்.

வெளியே படிக்கட்டில் மாமியார் நின்றாள். வெயில் முகத்தில் அடித்தது. அழுகை இல்லை.

"நீங்க அப்படிச் சொன்னப்போ என் பொண்ணு என்ன சொன்னா?"

"'வேணாங்க'ன்னா, அத்தை. சிரிச்சுக்கிட்டேதான் சொன்னா."

அவள் கைப்பையைத் தோளில் மாட்டினாள்.

"பாப்பாவை நான் ஸ்கூல்ல இருந்து கூட்டிக்கிட்டுப் போறேன். இன்னைக்கு எங்க வீட்டுக்கு வராதீங்க."

"நாளைக்கு?"

"நாளைக்குங்கிற நினைப்பே எனக்கு இப்ப வேணாம்."

பேருந்து வந்தது. அவள் ஏறிப் போனாள். அவர் நிறுத்தத்துக்கும் படிக்கட்டுக்கும் நடுவே நாலு தடவை நடந்தார். அப்புறம் தையல் கடைக்குப் போகாமல், சிறைக்கு எந்தப் பேருந்து என்று பக்கத்தில் நின்றவரிடம் கேட்டார்.