காத்தவராயனின் பெல்ட்

1

இந்தக் கதை என் கற்பனையில் உதித்ததல்ல. செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டில் சாணை பிடிக்கும் ஷேக் தாவூத் சொன்னது. கேட்டுவிட்டுச் சும்மா இருந்திருக்கலாம். எழுத்தாளனுக்கு அது முடிகிறதா?

முதல் வரி இப்படி வந்தது: 'அன்று கடல் கொந்தளித்தது, அவள் மனத்தைப் போலவே—'

அடித்துவிட்டேன். கடலுக்கு வேறு வேலை இல்லையா?

2

எழுபத்து நாலாம் வருஷம். மாமல்லபுரத்துக்கு வடக்கே ஒரு குப்பம். சொர்ணம் மீன் அறுத்து விற்பவள். அவள் புருஷன் காத்தவராயன் இடுப்பில் நாலு விரல் அகலத் தோல் பெல்ட். கைலி நழுவாமல் இருக்க அது. வலையில் மீன் விழாத நாட்களில் சொர்ணத்தின் முதுகுக்கும் அதுவே.

(வறுமைதான் அவனை அடிக்க வைத்தது என்று ஒரு பத்தி சேர்க்கச் சொன்னார் நண்பர். அவரும் பெல்ட் கட்டுகிறவர்.)

3

தாவூத் சாணைச் சக்கரத்தோடு குப்பத்துக்கு வந்த காலையில், சொர்ணத்துக்கு முந்தின நாள் அடியின் தடிப்பு ரவிக்கைக்குள் எரிந்துகொண்டிருந்தது.

"இன்னா பாய், நீ தீட்டிட்டுப் போற, நாலே நாள்ல கத்தி மழுங்கிப் போவுது."

"கல்லு மட்டும் பத்தாதும்மா. சலூன்காரன் மாதிரி தெனம் தோல்ல இழுக்கணும். வூட்ல தடியா தோல் எதுனா கீதா?"

சொர்ணம் உள்ளே பார்த்தாள். கடலிலிருந்து திரும்பிய காத்தவராயன் பெல்ட்டைக் கழற்றிப் போட்டுவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தான்.

"கீது பாய்."

அப்போது அவள் கண்களில் ஒரு மின்னல்— இல்லை. தாவூத் சக்கரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

4

ஆணி அடிக்கும் சத்தத்தில் காத்தவராயன் விழித்தான். கைலியைக் கையில் பிடித்தபடி வெளியே வந்தான்.

"எங்கடி என் பெல்ட்டு?"

"வாசக்கால்ல கீது. கண்ணு தெர்லியா?"

தொங்கிய பெல்ட்டின் நுனியை இடக்கையால் இழுத்துப் பிடித்து, சொர்ணம் கத்தியைத் தோலில் தேய்த்துக்கொண்டிருந்தாள். மேலே ஒரு தடவை, திருப்பி, கீழே ஒரு தடவை.

"கழட்டுடி!"

"நீயே கழட்டிக்கோ. எனக்கு வேல கீது."

அவன் கை நீண்டது. கத்தி நிற்கவில்லை. கை திரும்பி வந்தது. பக்கத்து வீட்டுப் பூவாயி முதலில் சிரித்தாள். பிறகு தெருவே சிரித்தது.

அன்று காத்தவராயன் வலைக்கயிற்றால் கைலியைக் கட்டிக்கொண்டு கடலுக்குப் போனான்.

5

பத்திரிகை ஆசிரியர் கேட்டார்: "கத்தி வந்தால் ரத்தம் வர வேண்டாமா, சார்?" அவருக்கு ஒரு முடிவு எழுதினேன்: குத்திவிடுகிறாள். கிழித்துப் போட்டேன். இன்னொன்று: அவன் திருந்தி மல்லிகைப்பூ வாங்கி வருகிறான். அதை இன்னும் பொடியாகக் கிழித்தேன்.

நடந்தது இவ்வளவுதான். அதன்பின் அவன் கை ஓங்கவில்லை. அடுத்த முறை தாவூத் போனபோது பெல்ட் அதே ஆணியில் தொங்கியது.

"புருஷன மன்னிச்சிட்டியாம்மா?" என்று கேட்டாராம்.

சொர்ணம் வஞ்சிரத்தின் தலையை நறுக்கினாள்.

பதில் வேண்டுமென்றால் நீங்களே போய்க் கேளுங்கள். பை எடுத்துப் போங்கள். மீன் வாங்காமல் வேடிக்கை பார்க்க வருகிறவர்களிடம் அவள் பேசுவதில்லை.