பச்சை ஸ்டெபிலைசர்

ஐஸ் பெட்டியின் கண்ணாடிமேல் மாலையை வைத்துவிட்டு நிமிர்வதற்குள் நெடுஞ்செழியனுக்கு முதல் கதை வந்து சேர்ந்துவிட்டது.

"உங்க தம்பி மாதிரி இன்னொரு ஆளு கெடைக்க மாட்டாருங்க," என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டார் விக்கிரவாண்டி ஓட்டல்காரர். "எங்க டிவிக்கு சாயந்தரமானா ரிமோட்டு வேலை செய்யாது. காலையில நல்லா செய்யும். புது ரிமோட்டு ரெண்டு வாங்கிப் பாத்தோம். ஒருத்தரு உள்ள போர்டையே மாத்திட்டாரு. ஒண்ணும் நடக்கல. அப்புறம் இவரு வந்தாரு. டீ குடிச்சிக்கினே கொஞ்ச நேரம் பாத்தாரு. எழுந்து போயி மேக்கால ஜன்னலைச் சாத்திட்டு, இப்ப அமுக்குன்னாரு. அமுக்குனேன், மாறிடுச்சு! வெயிலு நேரா டிவி கண்ணுல அடிச்சிக்கினு இருந்திருக்குது. ஸ்க்ரூடிரைவரைத் தொடவே இல்லைங்க!"

நெடுஞ்செழியன் தலையை ஆட்டினார். போர்டை மாற்றிய அந்த ஒருத்தர் அவர்தான். ஓட்டல்காரருக்கு முகம் மறந்துபோயிருந்தது ஒரு ஆறுதல்.

கண்ணாடிக்குக் கீழே புகழேந்தி, கேட்டும் கேட்காதவன் போலப் படுத்திருந்தான். உயிரோடு இருந்தபோதும் யாராவது புகழ்ந்தால் முகத்தை இப்படித்தான் வைத்துக்கொள்வான். காலையில் கடை திறந்து, மேசைமுன் உட்கார்ந்து, ஒரு ஏசி போர்டைக் கையில் எடுத்தவன் அப்படியே சாய்ந்துவிட்டான். ஐம்பத்தாறு வயது. சாகுமுன் ஒரு நாள் படுக்கவில்லை, யாரையும் படுத்தவில்லை. சர்க்கரை மாத்திரையும் பிரஷர் மாத்திரையுமாகப் பதினொரு வருடம் ஓட்டிக்கொண்டிருக்கும் அண்ணனுக்கு, விழுப்புரத்தில் செய்தி வந்ததும் முதலில் வந்தது அழுகையில்லை. இதிலும் முந்திக்கொண்டானே என்றுதான் தோன்றியது. அழுகை பஸ்ஸில், கூட்டேரிப்பட்டு தாண்டும்போது வந்தது.

அண்ணன் தம்பி இருவரும் முதலில் விழுப்புரத்தில் ஒரே கடையில்தான் இருந்தார்கள். டிவி, ரேடியோ, ஆம்ப்ளிஃபயர் எல்லாம் பார்த்தார்கள். கடைக்கு வருகிறவர்கள் "சின்னவரு இல்லீங்களா?" என்று கேட்க ஆரம்பித்த பிறகு, அந்தக் கடை இரண்டு பேருக்குப் போதாமல் போனது. தொண்ணூற்றாறில் பிரிந்தார்கள். பிரியும்போது அண்ணன் கொடுத்தது ஒரே ஒரு பொருள், விலைபோகாமல் கிடந்த ஒரு பச்சை ஸ்டெபிலைசர். நெடுஞ்செழியன் தன் கையால் செம்புக்கம்பிக் காயில் சுற்றிச் செய்தது. கனம் அதிகமென்று ஒருவரும் வாங்காதது. கொஞ்சம் நல்லதாகப் பார்த்துக் கொடுத்திருக்கலாம், மனசு வரவில்லை. புகழேந்தி மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொண்டான். பஸ்ஸில் ஏற்றும்போது அதைக் காலில் போட்டுக்கொண்டு, நொண்டிக்கொண்டே திண்டிவனத்துக்கு வந்து மரக்காணம் ரோட்டில் கடை போட்டான். அந்த இரும்பை என்றைக்கோ காயலான் கடையில் போட்டிருப்பான் என்று அண்ணன் நினைத்துக்கொண்டார்.

கடைக்குப் பின்னால்தான் வீடு. வாசலில் ஷாமியானா போட்டு, பெட்டியை நடுவில் வைத்திருந்தார்கள். மஸ்கட்டிலிருந்து மகள் புனிதா மறுநாள் விடிகாலை விமானத்தில் வரவேண்டும். பதினோரு மணிக்கு எடுப்பதாகப் பேச்சு. பெட்டியின் தலைமாட்டில் தம்பி மனைவி கவிதா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அழுது ஓய்ந்து, வருகிறவர்களை வெறுமே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கதைகள் வந்துகொண்டே இருந்தன. கோயில் மைக்கில் பூசை நேரத்தில் சினிமா பாட்டு கேட்டதை நிறுத்தியது. கிளினிக்கில் இரண்டு வருடம் ஓரமாகக் கிடந்த ஈசிஜி மிஷினை, ஒரு ஒயரைத் திருப்பிப் போட்டு ஓடவைத்தது. சாவு வீட்டில் செத்தவனைப் பாராட்டுவது ஊர் வழக்கம்தான் என்று நெடுஞ்செழியன் தன்னைத் தேற்றிக்கொண்டார். நாளைக்கு நமக்கும் சொல்வார்கள். யோசித்துப் பார்த்தார். என்ன சொல்வார்கள் என்று ஒன்றும் தோன்றவில்லை.

தோன்றாமல் என்ன, ஒன்று இருந்தது. அதைத்தான் அப்போது காணையிலிருந்து வந்த சக்கரபாணி எடுத்தார்.

"எங்க எடை மேடை கதை தெரியுமா உங்களுக்கு?" என்று நாற்காலியை இழுத்துப் போட்டார். "கரும்பு லோடு ஏத்தி நிறுத்துனா காலையில முந்நூறு கிலோ கம்மியா காட்டும். பத்து மணிக்கு மேல சரியா காட்டும். வெவசாயிங்க அடிக்கவே வந்துட்டானுங்க. கம்பெனிக்காரன் மிஷினையே மாத்துன்னான். ஒரே பேஜாரு. நம்ம புகழேந்தி வந்தாரு பாருங்க. காலையில மட்டும் இன்னா ஆவுதுன்னு கேட்டாரு. ஒண்ணும் ஆவலியே, பனி பெய்யுதுன்னோம். அவ்ளோதான், சட்டையைக் கழட்டிட்டு மேடைக்கு அடியில சேத்துல பூந்துட்டாரு. ஒயருங்க சேர்ற டப்பாவுக்குள்ள பனித்தண்ணி! தொடைச்சு, காயவெச்சு, மெழுகு வெச்சு அடைச்சாரு. இன்னைக்கு வரைக்கும் ஒரு கிலோ தப்பாது."

நெடுஞ்செழியனுக்குக் காது மடல் சூடாகிவிட்டது. சேற்றில் புகுந்தது அவர். பனி என்று கண்டுபிடித்தது அவர். அந்த வாரம் புகழேந்தி காய்ச்சலில் கிடந்ததால் அண்ணனை அனுப்பினான். முழங்கையில் தகடு கிழித்த தழும்பு இப்போதும் இருக்கிறது. முப்பத்தைந்து வருடத் தொழிலில், நினைத்து நினைத்து மகிழ அவரிடம் இருந்தது அது ஒன்றுதான். அதையும் தூக்கித் தம்பி கணக்கில் வைத்துவிட்டார்கள்.

"அது... அன்னைக்கு வந்தது நான்..." என்று ஆரம்பித்தார்.

"ஆமாமா, நீங்களும் துணைக்கு வந்திருப்பீங்க," என்றார் சக்கரபாணி பெருந்தன்மையாக. "டார்ச்சு புடிக்க ஒரு ஆளு வேணும் இல்ல?"

அதற்குமேல் பிணத்தை வைத்துக்கொண்டு என்ன வழக்காடுவது? நெடுஞ்செழியன் சட்டைக் கையை மடித்துத் தழும்பு தெரியும்படி உட்கார்ந்துகொண்டார். யாரும் பார்க்கவில்லை.

ஆறரை மணிக்குப் பெட்டி நின்றுபோனது. அதுவரை பேச்சுக்கு அடியில் ஓடிக்கொண்டிருந்த மோட்டார் சத்தம் சட்டென்று இல்லாமல் போனதும் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். சிறிது நேரம் கழித்துப் பெட்டிக்குள் 'டக்' என்று ஒரு சத்தம். மறுபடியும் அமைதி. நான்கு டிகிரி காட்டிக்கொண்டிருந்த எண் ஏழானது.

பெட்டியை வாடகைக்கு விட்ட தேவாவுக்குப் போன் போட்டார்கள். "மரக்காணத்துல இன்னொரு எடத்துல பெட்டி எறக்கிக்கினு இருக்கேங்க. எவ்ளோ ஜல்தியா வந்தாலும் ஒன்றரை மணி நேரம் ஆவும்," என்றான் அவன்.

"புகழேந்தி இருந்தா அஞ்சு நிமிசம்," என்றது கூட்டத்தில் ஒரு குரல்.

எல்லோரும் உச்சுக்கொட்டினார்கள். இரண்டடி தள்ளி ஒரு மெக்கானிக் உட்கார்ந்திருப்பது ஒருவருக்கும் ஞாபகம் வரவில்லை. நெடுஞ்செழியன் எழுந்தார். கடைக்குள் போய்த் தம்பியின் மேசைமேலிருந்து மீட்டரையும் ஸ்க்ரூடிரைவரையும் எடுத்துவந்து, பெட்டியின் கால்மாட்டில் மண்டியிட்டு, மோட்டாரை மூடிய கம்பி ஜாலியைக் கழற்றினார். இப்போது எல்லோரும் பார்த்தார்கள்.

மோட்டாரைக் கிளப்பும் ரிலேயைக் கழற்றினார். தம்பியின் டிராயரில் இருந்த ஒரு ரிலேயைப் போட்டார். 'டக்.' ஓடவில்லை. கெப்பாசிட்டரை மாற்றினார். 'டக்.' எண் பதினொன்றானது. நெற்றி வேர்வை கண்ணில் இறங்கியது. கழற்றிய திருகாணிகளில் ஒன்று எங்கோ உருண்டு போயிருந்தது.

"அண்ணனுக்கு இதெல்லாம் பழக்கமில்ல போல," என்று ஓட்டல்காரர் மெதுவாகச் சொன்னது நன்றாகவே கேட்டது.

தலையை நிமிர்த்தினால் கண்ணாடிக்குள் தம்பியின் பாதங்கள். பெருவிரல்களை வெள்ளைத் துணியால் சேர்த்துக் கட்டியிருந்தார்கள். வலது விரலில் நகம் கோணலாக, பாதிதான் இருந்தது. அன்றைக்கு பஸ் ஸ்டாண்டில் ஸ்டெபிலைசர் விழுந்து போனது, பிறகு சரியாக முளைக்கவே இல்லை போலிருக்கிறது. அப்போது அதைக் கேள்விப்பட்டுத் தனக்குள் கொஞ்சம் சந்தோஷப்பட்டது நெடுஞ்செழியனுக்கு நினைவு வந்தது. கண்ணை எடுத்துக்கொண்டார்.

ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்தார். எல்லாவற்றையும் கழற்றிப்போட்ட பிறகுதான் கேட்கவேண்டியதைக் கேட்கவில்லை என்று உறைத்தது. காணையில் அன்றைக்குக் கேட்டாரே, அதே கேள்வி.

"இது நின்னது எப்போ?"

தலைமாட்டிலிருந்து கவிதாதான் சொன்னாள். "லைட்டெல்லாம் போட்டாங்களே மாமா, அப்ப."

நெடுஞ்செழியன் பெட்டியின் ஒயரைக் கண்ணாலேயே பிடித்துக்கொண்டு போனார். அது ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் முடிந்தது. அதே பாக்ஸில் ஷாமியானாவின் நான்கு ஃபோகஸ் லைட், டீ கொதிக்கும் பாய்லர், இரண்டு ஸ்டாண்டு ஃபேன். எல்லாவற்றுக்குமாகத் தெருக்கோடி வீட்டிலிருந்து இழுத்துவந்த நூல் மாதிரி ஒரு ஒயர். மீட்டரை வைத்தார். இருநூற்று முப்பது இருக்கவேண்டிய இடத்தில் நூற்று ஐம்பத்தெட்டு. இந்த வோல்டேஜில் மோட்டார் எப்படிக் கிளம்பும்? பெட்டியில் ஒரு கோளாறும் இல்லை.

"லைட்டை நிறுத்துங்க. பாய்லரைப் புடுங்குங்க," என்றார். குரலில் தானாக ஒரு அதிகாரம் வந்துவிட்டது. பெட்டி ஒயரை வீட்டுக்குள்ளிருந்தே எடுத்துக் கொடுக்கச் சொன்னார். அங்கேயும் நூற்று எழுபத்திரண்டைத் தாண்டவில்லை. தெருவே விளக்கேற்றும் நேரம்.

"ஸ்டெபிலைசர் ஏதாவது இருக்குதா கவிதா?"

"அவரு டேபிளுக்கு அடியில ஒண்ணு இருக்குது மாமா."

கடைக்குள் போய்க் குனிந்தார். மேசைக்கு அடியில், தம்பி கால் நீட்டும் இடத்துக்குப் பக்கத்தில், அது இருந்தது. பச்சைப் பெயின்ட். மீட்டர் கண்ணாடியில் குறுக்காக ஒரு விரிசல். மேலே ஒரு பொட்டுத் தூசி இல்லை. சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. தம்பி காலையில் போட்டது, யாரும் அணைக்கவில்லை. மேசைமேல் இருந்த பவர் சப்ளை, சால்டரிங் ஸ்டேஷன், பாதி கழற்றிய ஏசி போர்டு, எல்லா ஒயர்களும் கீழே இறங்கி அந்த ஒன்றில்தான் போய்ச் சேர்ந்தன.

நெடுஞ்செழியன் அந்த விரிசலை விரலால் தொட்டுப் பார்த்தார். பிறகு ஒயர்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கிவிட்டு, அதை இரண்டு கையாலும் தூக்கினார். கனம்தான். இடுப்பு விட்டுப்போகும் என்று பயந்து சக்கரபாணி ஓடிவந்து ஒரு பக்கம் பிடித்தார்.

பெட்டிக்குக் கொடுத்தார்கள். முள் ஏறி இருநூற்று இருபதில் நின்றது. 'டக்' என்றது. மோட்டார் ஒரு முறை முனகிவிட்டு ஓட ஆரம்பித்தது. எண் பதினாலில் கொஞ்ச நேரம் நின்று, பதிமூன்றானது. யாரோ கைகூப்பினார்கள்.

"பாத்தீங்களா!" என்றார் சக்கரபாணி. அவருக்குக் கண் கலங்கிவிட்டது. "கடைசியில அவரு பொருள்தான் அவருக்கு ஒதவுது. செத்தும் தன் பெட்டியைத் தானே ரிப்பேர் பண்ணிக்கினாரு மனுசன்!"

கூட்டம் முழுக்க அது பரவியது. ஓட்டல்காரர் குனிந்து அந்தப் பச்சை டப்பாவைத் தடவிப் பார்த்தார். "கம்பெனி பேரே இல்லியே. கைவேலையா? இந்த மாதிரி காயில் சுத்த இப்ப யாருக்கு வரும்? இது புகழேந்தியே பண்ணதா?" என்று நெடுஞ்செழியனைக் கேட்டார்.

கவிதா தலை நிமிர்ந்தாள். இருபத்தொன்பது வருடமாக அதைத் துடைத்தவள் அவள்தான். வாயைத் திறக்கப்போனாள்.

"ஆமா," என்றார் நெடுஞ்செழியன். "அவன் பண்ணதுதான்."

சொன்ன மறு நிமிஷமே வயிறு எரிந்தது. ஐம்பத்தெட்டு வயதுக்குமேல் அது எங்கே அணையப்போகிறது? சக்கரபாணி அதற்குள் போனை எடுத்துக் காணைக்குச் செய்தி சொல்ல ஆரம்பித்திருந்தார். கவிதா நெடுஞ்செழியனையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

நெடுஞ்செழியன் ஜாலியை மாட்டினார். காணாமல் போன திருகாணி கடைசிவரை கிடைக்கவில்லை. மூன்றோடு முடுக்கிவிட்டு, ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை ஸ்டெபிலைசருக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"உள்ள போயி கொஞ்சம் படுங்க மாமா. மாத்திரை போட்டீங்களா?" என்றாள் கவிதா.

"இருக்கட்டும்மா. வோல்டேஜ் ஏறி எறங்கிக்கினு இருக்குது. புனிதா வர்ற வரைக்கும் நான் பாத்துக்கறேன்."

விரிசல் விட்ட கண்ணாடிக்குள் முள் லேசாக ஆடியது. ஒவ்வொரு முறை அது இறங்கும்போதும் உள்ளே ரிலே விழுந்து, முள்ளை மறுபடி இருநூற்று இருபதுக்குக் கொண்டுவந்து நிறுத்தியது.