பன்றிக் காவலராய் இருந்த ஆளுநர்

அன்று, திரியும் கால்நடைகளை அடைக்கும் ஊர்ப்பட்டியின் மரவாயிலருகே நின்றோர் ஐவர். அவர்கள் பெயரை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனெனில், தாமும் அங்கு நின்றதாக இன்று நெஞ்சு நிமிர்த்திக் கதைப்போரையெல்லாம் கூட்டினால் நம் ஆற்றங்கரை கொள்ளாது. மாநிலத்தின் ஆளுநராய் இருந்த என் தம்பி எலிஹு விட்காம். மலையூர்களைத் தம் சொல்லில் கட்டிவைத்திருந்த படைத்தலைவர் பெலெக் ஹோயிட். கைம்பெண் தேங்ஃபுல் பார்லோ. கொல்லர் ஜேபெஸ் டட்டில். குடும்பத்தின் மூத்தவனாகிய நான், ஜோத்தாம் விட்காம். பெலெக்கின் பெண்பன்றியையும் சேர்த்தால் அறுவர். வேறு எவரும் இல்லை.

மேப்பிள் மரங்கள் மலைச்சரிவெங்கும் உலைக்களத்துத் தணல்போல் சிவந்து, ஆற்றின்மேல் படிந்திருந்த பனிமூட்டம் கதிரவனைக் கண்டு மெல்ல விலகி, தொழுகை மன்றத்தின் வெண்கோபுரம் நீரில் நிழலாய் நடுங்க, அறுவடைக்குக் காத்திருந்த மக்காச்சோளம் பொன்மூடிய பிள்ளைகளைப்போல் வரிசையாய் நின்ற முற்பகல் அது. அத்தகைய நாளில் என் குடும்பத்தின் மானம் ஒரு பன்றியின் மூக்கில் வந்து நிற்கும் என்று யார் நினைத்திருப்பார்?

தம்பியாயினும் அவரை நான் அவர் என்றே குறிப்பேன். அது அவர் அமர்ந்த இருக்கைக்குரிய மதிப்பு. கல்லாங்காட்டு உழவனின் மகனாய்ப் பிறந்து, சேணப்பையில் சட்ட நூல்களைத் திணித்துக்கொண்டு, மழையிலும் உறைபனியிலும் ஊருக்கு ஊர் அமரும் வழக்குமன்றங்களுக்குக் குதிரையில் அலைந்து, இந்நாடு தன்னரசு கண்டபின் மாநிலத்தின் அடிப்படைச் சட்டத்தை வரைந்தோருள் ஒருவராகி, பின்னர் ஆளுநரும் ஆனவர் அவர். இவற்றுள் ஒன்றையேனும் இன்று எவரும் நினைப்பதுண்டா? இல்லை. பன்றியைத்தான் கேட்கிறார்கள்.

நம் ஊர் வழக்கம் உங்களுக்குத் தெரியும். இளவேனிற்கால ஊர்க்கூட்டத்தில், அவ்வாண்டு மணம் முடித்தவனைப் பன்றிக் காவலனாகத் தேர்ந்து, எல்லாரும் வயிறு குலுங்கச் சிரிப்பார்கள். அவனும் ஊருக்கு ஆப்பிள் மது வாங்கிக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுவான். மனைவியை இழந்து நெடுநாள் தனித்திருந்த என் தம்பி, நரைத்த தலையோடு அந்தக் குளிர்காலத்தில்தான் மறுமணம் செய்திருந்தார்.

"புது மாப்பிள்ளை எங்கப்பா?" என்று எழுந்தான் கொல்லன் ஜேபெஸ். "ஆளுநரா இருந்தா என்ன, மாப்பிள்ளைன்னா பன்னி பிடிக்கத்தானே வேணும்!"

மன்றம் அதிர்ந்தது. நகைத்துத் தள்ளிவிட்டு அமர வேண்டியவர் அமரவில்லை. எழுந்தார், தலைத்தொப்பியைக் கழற்றினார், "உறுதிமொழி என்னன்னு சொல்லுங்க" என்றார். சிரிப்பு பாதியில் நின்றது. என் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று எனக்குத் தெரியவில்லை.

நிலத்தைக் கிளறாதிருக்க இடும் வளையம் இல்லாத மூக்கோடு திரியும் பன்றியைக் காவலர் பட்டியில் அடைக்க வேண்டும், உடையவர் அழிவை ஈடுசெய்து மீட்க வேண்டும் என்பது ஊர்ச்சட்டம். அவ்விலையுதிர்க் காலத்தில், பட்டியை அடுத்திருந்த தேங்ஃபுல் பார்லோவின் கொல்லைக்குள், குளிர்காலம் முழுதும் அவள் உண்ணவேண்டிய சோளத்தினுள், படைத்தலைவர் பெலெக்கின் பன்றி புகுந்தது. அதன் மூக்கில் வளையம் இல்லை. அவ்வாண்டு மக்கள் வாக்கில் எவருக்கும் பாதிக்கு மேல் கிட்டாததால், என் தம்பி ஆளுநராய்த் தொடர்வதா என்பதை மறு வாரம் பேரவை முடிவுசெய்ய இருந்தது. மலையூர் உறுப்பினர் அனைவரும் பெலெக்கின் கண்ணசைவுக்குக் காத்திருப்போர்.

"எலிஹு, வெளையாட்டுக்குக் குடுத்த வேலைய நெசம்னு எடுத்துக்கிட்டியா?" என்றார் பெலெக். "பேசாம வீட்டுக்குப் போப்பா. நான் தூக்கச் சொன்னாத்தான் மலையூர்க்காரன் கையத் தூக்குவான், தெரியுமில்ல?"

"கை அவங்களோடது. பன்னி ஒங்களோடது, தலைவரே."

"ஒரு பன்னிக்காகவா பதவிய விடுவே?"

"உறுதிமொழி சொன்னப்ப யாரு வீட்டுப் பன்னின்னு யாரும் கேக்கலயே."

"அதுக்கும் மூக்கு இருக்கு, எங்கிட்ட வளையமும் இருக்கு," என்றான் ஜேபெஸ். "தலைவரு வீட்டுலேர்ந்துதான் ஆள் வரல."

நான் பொறுமையிழந்தேன். "தம்பி, விட்டுத் தொலைடா! அப்பா இருந்தா தலையில அடிச்சுக்குவாரு."

"அப்பா இருந்தா வாளியப் பிடிச்சிருப்பாரு, அண்ணே."

"அய்யா, நீங்கள்லாம் அப்புறமா சண்ட போடுங்க," என்றாள் தேங்ஃபுல் பார்லோ. "அது இன்னும் தின்னுக்கிட்டிருக்கு."

தம்பி மேலங்கியைக் கழற்றி என் கையில் தந்தார், அவளிடம் ஒரு தோல்வாளியை வாங்கினார், சோளத்தினுள் நடந்தார். முகம் மறைந்த பன்றி முன்னே செல்லாது, பின்னேதான் செல்லும். இது உழவர் வீட்டில் வளர்ந்தவர் அறிந்தது. வாளியை அதன் தலையில் கவிழ்த்து, வாலைப் பற்றி வழிதிருப்பி, தேரை நிலைக்குக் கொணர்வதுபோல் அதனைப் பின்னோக்கியே பட்டிக்குள் கொணர்ந்தார். வாயிலைத் தாழிட்டவன் நான். பெலெக் குதிரையேறிப் போனார்; மறுநாள் அவர் ஆள் மூட்டைமூட்டையாய்ச் சோளம் கொண்டுவந்து தேங்ஃபுல்லின் களஞ்சியத்தில் கொட்டிவிட்டுப் பன்றியை ஓட்டிச்சென்றான்.

மறு வாரம் பேரவையில் மலையூர்க் கைகள் ஒன்றும் உயரவில்லை; ஆளுநர் பதவி வேறொருவருக்குப் போயிற்று. என் தம்பி தலைநகரிலிருந்து பழைய குதிரையில் திரும்பி, பழைய சேணப்பையை மாட்டிக்கொண்டு, இறக்கும்வரை வழக்காடினார். அந்தக் குளிர்காலத்தில் தேங்ஃபுல் பார்லோ எவர் வாயிலிலும் கையேந்தி நிற்கவில்லை. என் தம்பியின் அடக்கத்தன்று அவள் எல்லார்க்கும் முன்னே வந்து, எல்லார்க்கும் பின்னே போனாள்.

ஆயினும் வழிச்சாவடிகளில் குடித்துவிட்டுப் பேசுவோர்க்கு இதெல்லாம் பொருட்டில்லை. பதவி பறிபோகும் அச்சத்தில் ஆளுநர் தொப்பி பறக்க, சேற்றில் விழுந்து புரண்டு, பன்றியின் பின்னே ஊரெல்லாம் ஓடினார் என்கிறார்கள். அன்று சேறே இல்லை. தொப்பி தலையிலேயே இருந்தது. என் தம்பி ஓடவில்லை. நடந்தார்.